பிடிக்காத முட்டை

பொறாமைப்பட ஊரில் வேறு ஆளே கிடைக்காதது போல, பெற்ற மகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தாள் செண்பகவல்லி. வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். துப்பட்டும், சொன்னால்தானே. ஒரு அடுப்பில் கறிக்குழம்பு கொதித்தது, பக்கத்து அடுப்பில் முட்டைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வெந்தன, உள்ளறையில் மகள் பிரதீபாவும், அவள் விடுதியிலிருந்து கூட்டி வந்திருந்த ஜெசிந்தா என்கிற பெண்ணும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம். வீட்டுக்காரர் விருதுநகரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார். பிரதீபா திருச்சியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மதுரைக்கு வருவாள். வரும்போதெல்லாம் செண்பகவல்லி வகை வகையாகச் சமைப்பாள். சமைத்துப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து, அவள் சாப்பிடுகிற லட்சணத்தைப் பார்த்து வயிறு எரிவாள். பேச்சுக்குச் சொல்கிற வயிற்றெரிச்சல் இல்லை, நிஜமாகவே எரியும். நெஞ்சுக்குழியில் ஆரம்பித்துத் தொண்டை வரைக்கும் ஏறும். டாக்டர் அதற்கு மாத்திரை கொடுத்திருக்கிறார், சின்ன வயசில் நேரத்துக்குச் சாப்பிட்டிருக்க மாட்டீங்க என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று போட்டுக்கொள்கிறாள். பொறாமைக்கும் அதே மாத்திரைதான்.

இவ்வளவு எரிச்சலும் ஒரே ஒரு சொல்லால் வந்தது. போதும்மா. பாதித் தட்டு சோறு அப்படியே இருக்க, கையை உதறிவிட்டு, "போதும்மா, முடியல" என்பாள் பிரதீபா. எவ்வளவு லேசாகச் சொல்கிறாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி நீட்டுகிற மல்லிகைப் பூவை வேண்டாம் என்பது மாதிரி. அந்தச் சொல்லைச் செண்பகவல்லி தன் ஆயுளில் மனசாரச் சொன்னதில்லை. வாய் சொல்லியிருக்கிறது. கல்யாணப் பந்திகளில் கை இலைக்குக் குறுக்கே போயிருக்கிறது. ஆனால் அந்தக் கைக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்துகொண்டு, கரண்டி அடுத்த இலைக்குப் போவதை, அதற்கடுத்த இலைக்குப் போவதை, வரிசையின் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டே இருப்பாள். தன் வயிற்றில் பிறந்தவளுக்கு அப்படி ஒருத்தி உள்ளே இல்லை. இல்லாமல் வளர்த்ததே இவள்தான், அதற்காகத்தான் மாடாய் உழைத்தாள், மகளுக்குப் பசி என்றால் என்னவென்று தெரியக்கூடாது என்று மீனாட்சியிடம் வேண்டிக்கொண்டாள். வேண்டியது கிடைத்துவிட்டது, இப்போது அதைக் கண்ணால் பார்க்கச் சகிக்கவில்லை. சின்னப் பிள்ளையில் தட்டை வழித்து நக்கியவள்தான். விடுதிக்குப் போன பிறகு வந்த பவிசு இது. மலை மாதிரி போடச் சொல்லி வாங்கிக்கொண்டு, பாதியில் தள்ளி வைப்பது. தள்ளி வைத்ததைத் தன் தட்டுக்கு இழுத்து, ஒரு பருக்கை விடாமல் செண்பகவல்லி தின்பாள். சர்க்கரை ஏறுகிறது, சோற்றைக் குறைங்க என்கிறார்கள். எங்கே குறைப்பது, அவள் வைக்கிறாள், இவள் தின்கிறாள். இன்றைக்கு விடுவதாக இல்லை. வாக்கியத்தை நேற்று ராத்திரியே யோசித்து வைத்தாயிற்று. சோத்தோட அருமை தெரியாதவளுக்கு இந்த வீட்டுல தட்டு கிடையாது. கூட ஒரு பெண் இருக்கிறாள் என்றால் ரொம்ப நல்லது. நாலு பேர் முன்னால் சொன்னால்தான் உறைக்கும். உறைக்கட்டும், ஒரு வேளையாவது அந்த முகத்தில் அந்த லேசு இல்லாமல் போகட்டும்.

முட்டைக்குப் பச்சைத் தண்ணீர் ஊற்றி உரிக்க ஆரம்பித்தாள். தோலோடு வெள்ளைக் கரு கொஞ்சம் பிய்ந்து வந்தது, அதை வாயில் போட்டுக்கொண்டாள். வீட்டுக்காரர் மட்டும் என்ன லேசா. ஆபீஸிலிருந்து சாயங்காலம் வந்து, டிபன் பாக்ஸை அப்படியே மேஜையில் வைத்து, "வேலை மும்முரத்துல சாப்பிடவே மறந்துட்டேன் வல்லி" என்பார். கல்யாணமான புதிதில் முதல்முறை அதைக் கேட்டபோது இவர் பொய் சொல்கிறார் என்றே நினைத்தாள். சாப்பிட ஒரு மனுஷன் மறப்பானா? மூச்சுவிட மறந்தேன் என்றால் நம்பலாம். பிறகுதான் புரிந்தது, அப்படியும் மனிதர்கள் இருக்கிறார்கள், பசி அவர்களுக்கு வாசலில் வந்து நிற்கிற கொரியர்காரர், கூப்பிட்டால் போய் வாங்கிக்கொள்ளலாம், இல்லையென்றால் நாளைக்கு வருவார். இவளுக்குப் பசி வீட்டோடு இருக்கிற நாத்தனார். கைப்பையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், அலுவலக மேஜை இழுப்பறையில் ஒன்று, தலைமாட்டு அலமாரியில் துணிக்கு அடியில் ஒன்று. சூப்பரின்டென்டன்ட் அம்மா டிராயரில் எப்பவும் தீனி இருக்கும் என்று கீழே வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அரிசி டின் பாதிக்குக் கீழே இறங்கினால் தூக்கம் வராது, இறங்குவதற்குள் அடுத்த மூட்டை வந்துவிடும், போன மழையில் வண்டு பிடித்து அள்ளிக் கொட்டவேண்டி வந்தபோது அழுதாள், அழுவதற்கு என்ன இருக்கு என்று அவர் கேட்டார். தொடர்ந்து நாலு நாள் விடுமுறை என்று காலண்டரில் சிவப்பாக இருந்தால் எல்லோருக்கும் சந்தோஷம், இவளுக்கு அடிவயிற்றில் ஏதோ உருளும். விடுமுறை என்றால் விடுதி மூடிவிடுவார்கள், மூடினால் ஊருக்குப் போகவேண்டும், ஊரில் அப்பாவுக்கு வேலை இல்லாத மாதமாக இருந்தால், என்று அந்த உருளல் இன்னும் கணக்குப் போடுகிறது. படிப்பு முடிந்து அந்த விடுதியை விட்டு வந்து ஒரு ஆயுள் காலம் ஆகிவிட்டதே என்று அதற்கு யார் சொல்வது.

விடுதி இலவசம். குறை சொல்லக்கூடாது, அதுவும் இல்லாவிட்டால் படிப்பே இல்லை. காலையில் ஒரு கரண்டி உப்புமா, ராத்திரி சோறு. மதியச் சோறும் உண்டு, ஆனால் விடுதி ஊரின் அந்தக் கோடி, கல்லூரி இந்தக் கோடி, போய்த் தின்றுவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு வகுப்பு போய்விடும். டப்பாவில் கட்டிக்கொண்டு வரலாமென்றால் காலையில் உலை வைத்திருக்க மாட்டார்கள். ஆகவே மதியம் என்கிற ஒன்று கிடையாது. மணி அடித்ததும் எல்லோரும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள், ஒரே சமயத்தில் அத்தனை வாசனையும் எழும்பும், எலுமிச்சை, பருப்புப்பொடி நெய், யாரோ ஒருத்தியின் கருவாடு. "நீ சாப்பிடலையாடி?" என்று முதல் நாள் ஒருத்தி கேட்டாள். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. "விரதம்" என்று வாயில் வந்துவிட்டது. எவ்வளவு வசதியான சொல். யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள், பாவம் என்று பார்க்க மாட்டார்கள், கொஞ்சம் மரியாதைகூடக் கொடுப்பார்கள். செவ்வாய் முருகனுக்கு, வியாழன் ராகவேந்திரருக்கு, வெள்ளி அம்மனுக்கு, சனி பெருமாளுக்கு, திங்கள் சிவனுக்கு. புதனுக்குத்தான் சாமி தேடி அலைந்தாள், கடைசியில் ஐயப்பனைப் பிடித்துப் போட்டாள். நடுவே சஷ்டி, கிருத்திகை, பிரதோஷம். வகுப்பே அவளைச் சாமியாரம்மா என்று கூப்பிட்டது. ஒருத்தியின் அக்கா கல்யாணம் வெள்ளிக்கிழமையில் வந்தது. நினைத்து நினைத்து வாயூறிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்தாள், இலையும் போட்டாயிற்று. "ஐயோ, இவளுக்கு வெள்ளிக்கிழமை விரதமாச்சே!" என்று அக்கறைக்காரி ஒருத்தி கத்திவிட்டாள். கல்யாணப் பெண்ணின் அம்மாவே வந்து பயபக்தியோடு இலையை எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் பாலும் வாழைப்பழமும் கொடுத்தார். சொன்ன பொய்யை விட்டு வெளியே வர வழியே இல்லை. பாலைக் குடித்துக்கொண்டு, பாயசம் போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தச் சாமியாரம்மா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இன்று வரை ஒரு ஏகாதசிகூட இருந்ததில்லை.

பொறாமைக்கு அப்போது வேறு முகம், உமையாள். காரைக்குடிப் பக்கத்துப் பெண், கல்லூரிக்கு எதிர்த்த தெருவிலேயே பெரிய வீடு. காரில் வராமல் நடந்து வருகிறாளே என்று அதற்கும் பெருமை பேசுவார்கள். இரண்டடுக்கு எவர்சில்வர் டப்பா, மேலடுக்கில் பொரியல், கீழடுக்கில் ஒருத்தி தின்ன முடியாத அளவு சாதம், அதன் மேல் ஒரு அவித்த முட்டை. கையால் தொட மாட்டாள், ஸ்பூன். அந்த ஸ்பூனின் காம்பால் முதலில் சோற்றுக்கு நடுவே ஒரு கோடு போடுவாள், வயலில் வரப்புப் போடுகிற மாதிரி. கோட்டுக்கு இந்தப் பக்கம் மட்டும் தின்பாள். அந்தப் பக்கம் ஸ்பூன் நுனிகூடப் போகாது. முட்டையை எடுத்து அந்தப் பக்கம் தள்ளுவாள், "முட்டை எனக்குப் பிடிக்கவே பிடிக்காதுடி." பிறகு டப்பாவை மூடி, செண்பகவல்லியிடம் நீட்டுவாள். "செண்பகம், கழுவி வச்சிருடி, எனக்கு லைப்ரரிக்குப் போகணும்." வட்டத்தில் இத்தனை பேர் இருக்க, இவளிடம். விடுதிப் பெண் என்றால் வேலைக்காரி என்று நினைப்பு. சுருக்கென்று ஏறும், இருந்தும் வாங்கிக்கொள்வாள். ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் ஒரு குழாய் உண்டு. யாராவது வந்தால் கழுவுகிற சத்தம் கேட்கட்டும் என்று முதலில் குழாயைத் திறந்துவிடுவாள், பிறகு டப்பாவைத் திறப்பாள். சுவரைப் பார்த்து நின்றபடி, மெல்லாமல், கோட்டுக்கு அந்தப் பக்கத்தை விழுங்குவாள். முட்டையைக் கடைசியில், அதை மட்டும் மென்று. தின்னத் தின்ன உமையாளைத் திட்டுவாள். திமிர் பிடித்தவள். வீணாக்குகிறவள். பிடிக்காத முட்டையைத் தினமும் சுமந்து வருகிற முட்டாள். அவளுக்கு வீசி எறியத் தெரிகிறது, எனக்குப் பொறுக்கத் தெரிகிறது. மூன்று வருஷம் அந்தச் சோற்றைத் தின்றுதான் டிகிரி வாங்கினாள், மூன்று வருஷமும் அவளை வெறுத்தாள். இப்போது கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாள் அவள். தலை நரைத்திருக்கிறது, சிரிப்பு அப்படியே. தனியாக ஒருமுறை எழுதியிருந்தாள், செண்பகம், எப்படி இருக்க, வேளைக்குச் சாப்பிடுறியா என்று. பார், இத்தனை வருஷம் கழித்தும் குத்திக் காட்டுகிறாள் என்று உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதில் போடவில்லை.

"சாப்பிட வாங்கடி" என்று கூப்பிட்டாள். வந்தார்கள். ஜெசிந்தா தூத்துக்குடிக்கு அந்தப்பக்கம் ஒரு கடற்கரை ஊர், அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர் என்று மகள் சொல்லியிருந்தாள். ஒல்லிப் பெண். கழுத்தெலும்பு தெரிகிற ஒல்லி, சுடிதார் தோளில் நிற்காமல் நழுவியது. உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தாள், உடனே இன்னொரு டம்ளர். செண்பகவல்லி கரண்டியை எடுத்தாள். ஒரு கரண்டி விழுந்ததுமே தட்டின் மேல் கை வந்துவிட்டது. "போதும் ஆன்ட்டி." "என்னம்மா, கோழி கொத்துற அளவு வாங்குற?" "இல்ல ஆன்ட்டி, டயட்ல இருக்கேன்." "ஆமாம்மா, இவ மெஸ் லிஸ்ட்ல இருந்தே பேரை எடுத்துட்டா. எங்க ஃப்ளோர்ல இவதான் டயட் குயின்" என்றாள் பிரதீபா, எங்கோ பார்த்துக்கொண்டு. சரிதான், இன்னொருத்தி. சோற்றை வேண்டாம் என்று சொல்லவென்றே ஒரு தலைமுறை பிறந்து வந்திருக்கிறது. அந்த எலும்பைப் பார்த்தபோது செண்பகவல்லிக்கு இரக்கம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. இந்த வயசில் இவளும் இப்படித்தான் இருந்தாள், ஆனால் யாரும் அதற்கு இவ்வளவு அழகான பேர் வைக்கவில்லை. வேறு யாராவது இதைக் கதையாகச் சொல்லியிருந்தால் அந்தக் கணமே கண்டுபிடித்திருப்பாள். கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது மகளின் தட்டு. "எனக்கு நிறையப் போடும்மா" என்று அது நீண்டது. "இன்னும். இன்னும் ஒரு கரண்டி. கறி எல்லாம் இந்தப் பக்கம் வை." வை, வை, பாதியில் தள்ளத்தானே. கரண்டி தட்டில் ணங்கென்று பட்டது. தனக்கும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தன் முட்டையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொண்டாள், கடைசிக்கு. எப்போதும் அது கடைசிக்குத்தான். முதலில் தின்றுவிட்டால் சாப்பாட்டில் காத்திருக்க ஒன்றும் இருக்காது.

சாப்பிட உட்கார்ந்தால் செண்பகவல்லிக்குத் தலை நிமிராது. ருசி பார்க்கிற பழக்கம் இல்லை, உப்புக் குறைவு என்று அவர் சொன்னால்தான் தெரியும். யாரோ பின்னால் நின்று தட்டை எடுத்துவிடப்போகிற மாதிரி ஒரு வேகம். எத்தனையோ தடவை தனக்குத்தானே சொல்லியிருக்கிறாள், மெதுவா, மெதுவா, யாரும் எடுக்க மாட்டாங்க, உன் வீடு, உன் அரிசி. கை கேட்பதில்லை. இவள் தட்டு காலியானபோது ஜெசிந்தா தன் ஒரு கரண்டிச் சோற்றை இன்னும் விரலால் அளைந்துகொண்டிருந்தாள், ஒரு பருக்கை, இன்னொரு பருக்கை, எலும்பை மட்டும் வெகுநேரம் உறிஞ்சிக்கொண்டு. செண்பகவல்லி மகளின் தட்டைப் பார்த்தாள். நெஞ்சுக்குழியில் எரிச்சல் கிளம்பியது. பாதிச் சோறு அப்படியே. நல்ல கறித் துண்டு எல்லாம் அப்படியே. முட்டையைக்கூடத் தொடவில்லை, முட்டை என்றால் உயிரை விடுகிறவள். "முட்டை ஏன்டி அப்படியே கிடக்கு?" "இப்பல்லாம் பிடிக்கல." பிடிக்கலையாம். "போதும்மா" என்று கையை உதறினாள் பிரதீபா, "முடியல." வந்துவிட்டது. வாக்கியம் செண்பகவல்லியின் நாக்கு நுனிக்கு வந்து நின்றது, சோத்தோட அருமை, அருமை தெரியாதவளுக்கு. அதற்குள் பிரதீபா பக்கத்தில் திரும்பி, "ஜெசி, நீ எந்திரிக்கும்போது என் தட்டையும் சேர்த்துக் கழுவி வச்சிருடி, ப்ளீஸ். எனக்கு ஒரு போன் பண்ணணும்" என்றாள்.

வீட்டுக்கு வந்த பிள்ளை இவள் எச்சில் தட்டைக் கழுவ வேண்டுமா? செண்பகவல்லிக்குத் தலைக்கேறியது. பழைய சுருக்கு அத்தனையும் ஒன்றாகச் சேர்ந்து ஏறியது, அவள் பெற்றது உமையாளைத்தான், உமையாளையேதான் பெற்று வளர்த்திருக்கிறாள். "ஏன்டி, உன் தட்டைக் கழுவ உனக்குக் கை இல்ல? வந்த பிள்ளையைப் போயி..." என்று ஆரம்பித்து, தட்டின் விளிம்பைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். மிச்சம் அவளுக்குத்தான், எப்போதும் அவளுக்குத்தான். தட்டு வரவில்லை. மறு விளிம்பைப் பிரதீபா பிடித்திருந்தாள். "விடும்மா" என்றாள். சத்தமில்லாமல் சொன்னாள். சின்னப் பிள்ளையிலிருந்து எத்தனையோ பிடிவாதம் பார்த்த முகம், ஆனால் இந்தப் பார்வையைச் செண்பகவல்லி பார்த்ததில்லை. அதில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது. தட்டு இரண்டு பேர் கையிலும் நடுவே நின்றது. அப்போதுதான் கோட்டைப் பார்த்தாள். சோற்றுக்கு நடுவே, குழம்பு ஊறிக் கொஞ்சம் கலைந்திருந்தாலும், ஒரு கோடு. கரண்டிக் காம்பால் போட்ட கோடு. இந்தப் பக்கம் பிசைந்து தின்ற அடையாளம். அந்தப் பக்கம் ஒரு விரல் பட்டிருக்கவில்லை. கறி அங்கே, முட்டை அங்கே, எச்சில் படாமல். ஜெசிந்தா தலையைக் குனிந்து தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், காது மட்டும் சிவந்திருந்தது. டயட். செண்பகவல்லிக்கு அந்தச் சொல் இப்போதுதான் காதில் விழுந்தது. செவ்வாய் முருகனுக்கு, வெள்ளி அம்மனுக்கு, வாரம் முழுக்க டயட். கை தட்டிலேயே இருந்தது, ஆனால் அவள் வேறெங்கோ நின்றிருந்தாள், சுவரைப் பார்த்து, குழாய் ஓடிக்கொண்டிருக்க. பிடிக்காத முட்டையை ஒருத்தி தினமும் எதற்குக் கொண்டுவருவாள்? ஒரு நாள் கொண்டுவரலாம், அம்மா வைத்துவிட்டாள் என்று ஒரு வாரம் கொண்டுவரலாம். மூன்று வருஷம் எதற்கு? தின்ன முடியாத அளவு சோறு எதற்கு? அத்தனை பேரை விட்டுவிட்டு ஒருத்தியிடம் மட்டும் டப்பாவை எதற்கு நீட்டுவாள்? கல்யாணத்தில் கத்தின அக்கறைக்காரி யாரென்று இன்று வரை அவளுக்கு நினைவிருக்கிறது, அவள் உமையாள் இல்லை. உமையாள் ஒரு நாளும் சாப்பிடுடி என்றதில்லை, விரதமா என்று கேட்டதில்லை, கழுவி வை என்றாள், அவ்வளவுதான். ஒரு பொய்யை அவிழ்க்காமல், அந்தப் பொய்க்குள்ளேயே கையை விட்டு ஒருத்திக்குச் சோறு போட வேறு என்னதான் வழி? இதுகூடத் தெரியாமல், தின்ற சோற்றோடு சேர்த்து அவளைத் திட்டித் தின்றிருக்கிறாள். வேளைக்குச் சாப்பிடுறியா. குத்திக் காட்டவில்லை அவள். கேட்டிருக்கிறாள்.

தட்டை விட்டாள். சோறு இருக்கிற தட்டை அவள் கை விட்டது இதுதான் முதல் தடவை, விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் விட்டன. பிரதீபா இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மா அடுத்து என்ன சொல்லிவிடுவாளோ என்று பயந்து. சொல்ல ஒரு வாக்கியம் நாக்கில் இருந்தது, அதை முழுங்கினாள், கசந்தது. பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை, இன்னும் கூடியது. இந்த ஒல்லிப் பெண்ணைப் பார்த்து இப்போது பொறாமையாக இருந்தது. பக்கத்திலேயே உட்கார்ந்து கோடு போடுகிறவளை இவள் கண்ணால் பார்க்கிறாள், தனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்று இவளுக்கு இன்றே தெரிகிறது. எனக்கும் இருந்தாளே, எனக்குத் தெரியாமல் போயிற்றே. மகளைப் பார்த்தும் பொறாமை, யாரும் சொல்லிக்கொடுக்காமல் இவ்வளவு சின்ன வயசில் இவளுக்கு இது தெரிந்திருக்கிறதே. பசியைத்தான் ஒரு நாளும் காட்டாமல் வளர்த்தாள், பசித்தவளை மகள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. பக்கத்தில் கிண்ணத்தில் தன் முட்டை இருந்தது, கடைசிக்கு என்று வைத்தது. வாய் முழுக்க அதற்காக ஊறியிருந்தது. செண்பகவல்லி ஸ்பூனால் அதை எடுத்து, மகளின் தட்டில், கோட்டுக்கு அந்தப் பக்கம் வைத்தாள்.

"அம்மா?" என்றாள் பிரதீபா.

"இதையும் சேர்த்து எடுத்துட்டுப் போகட்டும். எனக்கு முட்டை பிடிக்காது." ஜெசிந்தா பக்கம் திரும்பினாள். "ஜெசிம்மா, உன் தட்டையும் இவ தட்டையும் கழுவி வச்சிடுறியாடா? எனக்கு இடுப்பு பிடிச்சிருக்கு, எந்திரிக்க முடியல. அவசரமில்ல, மெதுவாக் கழுவு."

"சரிங்க ஆன்ட்டி" என்று ஜெசிந்தா இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். எடுத்த விதத்திலேயே தெரிந்தது, மேல் தட்டு சாயாமல், இரண்டு கையாலும். சமையலறைக்குள் போனாள். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. பாத்திரத்தில் விழுகிற சத்தம் இல்லை அது, வெறும் தொட்டியில் விழுகிற சத்தம். பிரதீபா மேஜைக்கு அடியில் அம்மாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "உனக்குத்தான் முட்டைன்னா உசுராச்சேம்மா" என்று கிசுகிசுத்தாள். "யாருடி சொன்னா?" என்றாள் செண்பகவல்லி. இந்த வீட்டில் ஒரு குழாய் சொட்டினால்கூட எழுந்து ஓடுகிறவள் அவள், லாரித் தண்ணீர். வயிறு எரிந்தது, வாயில் ஊறிய எச்சிலை விழுங்கினாள். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.